பான்டொக் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஒரு நினைவு மலருக்கு ஊரில் கிடைக்கிற அவகாசம் 31 நாள்தான். இறந்தவரின் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் புத்தகம் இருக்க வேண்டும். வாழ்க்கை வரலாற்றை மூத்த மருமகன் வேர்டில் அடித்து அனுப்புவார். ரொறன்ரோவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் வட்ஸ்அப்பில் நாலு வரி எழுதுவார்கள். பஞ்சபுராணம் பழைய மலர் ஒன்றிலிருந்து வரும், அதுவும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில். இத்தனையையும் ஒன்றாக்கி அச்சகத்துக்கு ஒரு பிடிஎஃப், வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு இணையப் பக்கம், பிழை பார்க்கிற மாமாவுக்கு ஒரு வேர்ட் கோப்பு என்று மூன்று உருவில் கொடுப்பதற்குப் பான்டொக் நல்ல கருவி. கோயில் மகோற்சவ மலருக்கும் பாடசாலை ஆண்டு மலருக்கும் இதே பாடுதான்.

இதை எழுதியவர் ஜோன் மக்ஃபார்லேன். அமெரிக்காவில் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பொத்தான், மெனு ஒன்றும் இல்லை. என்ன வேண்டும் என்பதைக் கட்டளை வரியில் விருப்பங்களாகச் சொல்ல வேண்டும். சொன்னதில் ஒரு கோடு பிசகினாலும் கோபித்துக்கொள்ளும். சில வேளை கோபிக்காமலே தவறான பக்கத்தைத் தந்துவிடும். அதுதான் மோசம்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கோடுகள், சமக்குறி, மேற்கோள் குறி எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

முதலில்: பிழை எந்தக் கட்டத்தில்?

பான்டொக் மூன்று வேலை செய்கிறது. மூலக் கோப்பை வாசிக்கிறது (இங்கே அது மார்க்டவுன், எளிய குறிகளால் அமைப்பைக் காட்டும் வெறும் உரைக் கோப்பு; பெயர் ‘.எம்டி’ என்று முடியும்). வாசித்ததை வேறு உருவில் எழுதுகிறது. பிடிஎஃப் என்றால், எழுதியதை எஞ்சின் எனப்படும் இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. அந்த மூன்றாம் கட்ட மென்பொருளின் பிழையையும் பான்டொக்கின் தலையில் போட்டு, கண்ட கண்ட விருப்பங்களை மாற்றிப் பார்ப்பதில்தான் இரவுகள் போகின்றன.

வாசித்ததைப் பார்க்க:

பான்டொக் வரலாறு.எம்டி -டி நேட்டிவ்

(இந்த ‘டி’, ‘டெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.) திரையில் கோப்பின் உள்ளமைப்பு வரும். பந்தி என்று நீங்கள் நினைத்தது அங்கே ‘கோட்பிளாக்’ (நிரல் துண்டு) என்று இருந்தால் பிழை உங்கள் மூலக் கோப்பில். எழுத்துரு, எஞ்சின் எதையும் தொடாதீர்கள். அங்கே எல்லாம் சரியென்றால், பிடிஎஃபுக்குப் பதிலாக ‘மலர்.டெக்ஸ்’ என்று வெளியீட்டுப் பெயரைக் கொடுத்து ‘-எஸ்’ சேர்த்து ஓட்டுங்கள். லேடெக் (அச்சுக்குப் பக்கம் அமைக்கும் மொழி) கோப்பு கிடைக்கும். அதைத் திறந்தால் நீங்கள் சொன்ன எழுத்துரு அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். சேர்ந்திருந்தும் பிடிஎஃப் கெட்டால் குற்றவாளி எஞ்சின். ‘--வெர்போஸ்’ சேர்த்தால் எஞ்சினின் முழுப் புலம்பலும் திரையில் ஓடும். கடைசி வரியை விட்டுவிட்டு, முதலில் ஆச்சரியக்குறியுடன் தொடங்குகிற வரியைத் தேடுங்கள்.

அறிகுறி: விருப்பத்தைக் கோப்பு என்று நினைத்து ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது

கட்டளையை யாரோ வட்ஸ்அப்பிலோ வேர்டிலோ அனுப்பியிருப்பார்கள். இரண்டு சிறு கோடுகளை அந்தச் செயலி ‘அழகாக்கி’ ஒரே நீளக் கோடாக ஆக்கிவிடும். பான்டொக்குக்கு அது விருப்பம் இல்லை, விசித்திரமான பெயருள்ள ஒரு கோப்பு. வளைந்த மேற்கோள் குறிகளும் இதே தொல்லை தரும். கையால் திருப்பித் தட்டுங்கள். எழுத்துருப் பெயரில் இடைவெளி இருந்தால் நேரான இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோள் வேலை செய்யாது.

அறிகுறி: பதிப்பு எண்ணை மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது

சின்ன ‘வி’ தட்டியிருக்கிறீர்கள். அது பதிப்பைக் கேட்கும் விருப்பம். மாறிக்கு மதிப்புக் கொடுப்பது பெரிய ‘வி’. இதேபோல் பெரிய ‘எச்’ தலைப்பகுதிக் கோப்பைச் சேர்க்கும், சின்ன ‘எச்’ உதவியைக் காட்டும்.

அறிகுறி: பிடிஎஃப் வரவே இல்லை, அல்லது தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வருகிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பான்டொக் பிடிஎஃப்லேடெக் என்ற எஞ்சினைக் கூப்பிடும். அதற்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ‘இந்த யூனிகோட் எழுத்து லேடெக்கில் அமைக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். எஞ்சினை மாற்றுங்கள்:

பான்டொக் வரலாறு.எம்டி -ஓ மலர்.பிடிஎஃப் --பிடிஎஃப்-எஞ்சின்=ஸீலேடெக்

(ஸீலேடெக் ஆங்கிலத்தில் எக்ஸ், ஈ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும்.) இப்போது பிழை போய்விடும், கோப்பும் வரும். திறந்தால் ஆங்கிலமும் இலக்கங்களும் மட்டும் நிற்கும், தமிழ் இருக்காது. திரையில் ‘மிஸ்ஸிங் கரெக்டர்’ என்று எச்சரிக்கை வரிசையாகப் போயிருக்கும். எஞ்சினுக்கு யூனிகோட் தெரியும், ஆனால் இயல்பான எழுத்துருவான லத்தீன் மொடர்னில் தமிழ் இல்லை. எழுத்துருவையும் சொல்ல வேண்டும்:

-வி மெயின்ஃபொண்ட்="நோட்டோ செரிஃப் தமிழ்"

எழுத்துருவின் பெயர் கணினியில் பதிந்திருக்கிறபடியே இருக்க வேண்டும். லினக்ஸில் எஃப்சி-லிஸ்ட் என்ற கட்டளைக்கு ‘:லாங்=டிஏ’ (டிஏ என்பது தமிழின் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்து) என்று கொடுத்தால் தமிழ் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் வரிசையாக வரும். விண்டோஸில் கூடவே வருகிற நிர்மலா யூஐ கைக்கு எட்டியது, ஆனால் அது திரைக்குச் செய்த எழுத்து. அச்சுக்கு நோட்டோ செரிஃபைத்தான் நான் எடுப்பேன்.

தமிழ் வந்து இப்போது ஆங்கிலம் மறைந்தால் பயப்பட வேண்டாம். சில தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளே இல்லை. லண்டன் முகவரியும் மின்னஞ்சலும் காணாமல் போகும். இரண்டும் உள்ள எழுத்துருவுக்கு மாறுவதே சுலபம்.

‘பிடிஎஃப்லேடெக் இல்லை’ என்று வந்தால் லேடெக்கே நிறுவப்படவில்லை. லேடெக்கின் முழுத் தொகுப்பான டெக்லைவ் பல ஜிபி; போனின் டேட்டாவில் இறக்குகிற காரியம் அல்ல. கம்பஸடிப் பக்கம் நல்ல வைஃபை உள்ள நண்பர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் டைப்ஸ்ட் என்ற சிறிய மென்பொருளை எஞ்சினாகக் கொடுங்கள், புதிய பான்டொக் அதை ஏற்கும். ஒரே ஒரு மலர்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இன்னும் எளிது: வேர்ட் கோப்பாக எடுத்து, லிப்ரே ஒஃபிஸில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

அறிகுறி: எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது

‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும், அல்லது புள்ளி போட்ட வட்டத்தோடு தனியாக நிற்கும். தமிழில் கொம்பு ககரத்துக்குப் பிறகே சேமிக்கப்படுகிறது. எழுத்துருவின் விதிகள்தான் அதை முன்னுக்குக் கொண்டு வருகின்றன. அந்த விதிகளைப் பயன்படுத்து என்று எஞ்சினுக்குச் சொல்ல வேண்டும்:

-வி மெயின்ஃபொண்ட்ஒப்ஷன்ஸ்="ஸ்க்ரிப்ட்=டமில்"

லுவாலேடெக்கை எஞ்சினாக எடுத்திருந்தால் இதனோடு ‘ரெண்டரர்=ஹார்ஃப்பஸ்’ என்பதையும் இன்னொரு பெரிய ‘வி’யோடு அதே மாறிக்குக் கொடுங்கள்.

மின்பிரதியில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றால் அது வேறு பிரச்சினை. ‘கொ’வை ஒருவர் ககரத்தோடு ஒற்றை உயிர்க்குறியாகவும், இன்னொருவர் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடித்திருப்பார். பான்டொக் இதைத் திருத்தாது. மூலத்திலேயே தேடி மாற்றுங்கள்.

அறிகுறி: ஒரு பந்தி மட்டும் காணாமல் போய்விட்டது

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மற்றப் பந்திகள் எல்லாம் சரி, ஒன்று மட்டும் வெறும் இடம். காரணம் இரண்டு படியில் நடக்கிறது. பந்தியின் தொடக்கத்தை உள்ளே தள்ளுவதற்கு யாரோ டாபோ நாலு இடைவெளியோ தட்டியிருப்பார். மார்க்டவுனில் அதற்குப் பொருள் ‘இது நிரல்’. நிரலுக்கு வேறு எழுத்துரு, சம அகல எழுத்துரு. அதில் தமிழ் இல்லை. ஆகவே நீங்கள் மெயின்ஃபொண்டை எத்தனை தரம் மாற்றினாலும் அந்தப் பந்தி வராது. நேட்டிவ் வெளியீட்டில் பார்த்தால் உடனே பிடிபடும். முன்னிடைவெளியை அழியுங்கள். உண்மையிலேயே நிரலுக்குள் தமிழ் வேண்டுமானால் மோனோஃபொண்ட் என்ற மாறிக்கும் தமிழ் எழுத்துரு கொடுங்கள்.

சாய்வெழுத்து வராததும் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே கிடையாது. தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். சாய்ந்த தமிழ் எனக்குப் பிடிப்பதும் இல்லை.

அறிகுறி: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

மூலம் பாமினி. வேர்டில் பார்க்கும்போது தமிழாகத் தெரிந்ததற்குக் காரணம் எழுத்துரு மட்டும்தான். உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். மெய்யின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்பது இதன் கையெழுத்து. பான்டொக் எழுத்துருவைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும். இதைத் தீர்க்கிற விருப்பம் பான்டொக்கில் இல்லை, தேட வேண்டாம்.

முதலில் யூனிகோடாக மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினியை அறியும். கவனிக்க வேண்டியது, ஒரே கோப்பில் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிக் குழப்பும். வைத்தியசாலைப் பெயர், கனடா முகவரி, பட்டங்கள் எல்லாம் இதில் மாட்டும். அவற்றை முதலே வெட்டி வேறாக வைத்து, பிறகு ஒட்டுங்கள். மார்க்டவுன் கோப்புக்குள் போடுவதற்கு முன்பே மாற்றுவதும் முக்கியம். பாமினியில் சில குறிகளும் தமிழ் எழுத்தாக நிற்கும், பான்டொக் அவற்றை அமைப்புக் குறி என்று எடுத்துவிடும்.

மூலம் ‘.டொக்’ என்று முடியும் பழைய வேர்ட் கோப்பு என்றால் பான்டொக் வாசிக்காது. லிப்ரே ஒஃபிஸில் திறந்து புதிய வடிவில் சேமியுங்கள். பிடிஎஃபையும் மூலமாக வாசிக்காது, அது வெளியே போகிற வழி மட்டும்.

அறிகுறி: தேவாரம் நாலு அடியும் ஒரே பந்தியாக ஓடுகிறது

மார்க்டவுனில் வரி முறிந்தால் அது இடைவெளிக்குச் சமம். பாட்டுக்கு ஒவ்வொரு அடியின் முன்னும் | குறியும் ஒரு இடைவெளியும் போடுங்கள். அடி முறிவு காக்கப்படும், அடிக்கு முன்னால் விட்ட இடைவெளியும் காக்கப்படும். முழுக் கோப்புக்கும் வரி முறிவு வேண்டுமானால் ‘-எஃப் மார்க்டவுன்+ஹார்ட்_லைன்_பிரேக்ஸ்’. இதை நான் பரிந்துரைப்பதில்லை. வட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய உரைநடை அதன்பின் கண்டபடி முறியும்.

இதற்கு உறவான இன்னொன்று. வரலாற்றில் ‘1956. அவர் ஆசிரியராகப் பணியில் சேர்ந்தார்’ என்று ஒரு பந்தி தொடங்கினால், ஆண்டுக்குப் பின்னால் புள்ளியும் இடைவெளியும் இருப்பதால் அது 1956ஆம் இலக்கத்தில் தொடங்கும் பட்டியலாகிவிடும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் போதும். அல்லது ‘1956இல்’ என்று எழுதுங்கள், வாசிக்கவும் அதுதான் நன்றாக இருக்கும்.

அறிகுறி: படத்தின் இடத்தில் விளக்கம் மட்டும் வருகிறது

‘படத்தை எடுக்க முடியவில்லை, விளக்கத்தைப் போடுகிறேன்’ என்று எச்சரிக்கை வந்திருக்கும். பான்டொக் படத்தைத் தேடுவது நீங்கள் கட்டளை ஓட்டுகிற அடைவிலிருந்து. மூலக் கோப்பு இருக்கிற அடைவிலிருந்து அல்ல. ‘--ரிசோர்ஸ்-பாத்’ என்பதில் படங்கள் இருக்கிற அடைவையும் சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸில் அடைவுகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி (:), விண்டோஸில் அரைப்புள்ளி (;). லினக்ஸ்காரர் எழுதிக் கொடுத்த கட்டளை உங்கள் விண்டோஸில் ஓடாததற்கு இந்த ஒரு புள்ளியே காரணமாக இருக்கலாம்.

ஐபோனிலிருந்து வருகிற எச்ஈஐசி படங்களை லேடெக் ஏற்காது, ஜேபெக் ஆக்குங்கள். வேர்டிலிருந்து மார்க்டவுனுக்கு மாற்றும்போது ‘--எக்ஸ்ட்ராக்ட்-மீடியா’ கொடுக்காவிட்டால் படங்களின் பெயர் மட்டும் வரும், படம் வெளியே வராது.

படம் சொன்ன இடத்தில் நிற்காமல் அடுத்த பக்கத்துக்கு ஓடினால்: தனிப் பந்தியாக நிற்கிற, விளக்கம் உள்ள படத்தைப் பான்டொக் மிதக்கும் உருவமாக எடுக்கும். படத்தின் வரி முடிவில் ஒரு பின்சாய்கோடு போட்டால் அது சாதாரணப் படமாகி அங்கேயே நிற்கும், கீழே விளக்கம் வராது.

மங்கலாக வருகிற முகப்படத்துக்கு விருப்பத்தில் மருந்து இல்லை. 8 சென்டிமீற்றர் அகலத்தில் 300 டிபிஐக்கு அச்சிட 945 பிக்சல் அகலம் வேண்டும். வட்ஸ்அப் சுருக்கிய படத்தில் முகத்தை மட்டும் வெட்டினால் அந்த அளவு இருக்காது. படத்தை ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: வேர்ட் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் தமிழ் பெரிதாகவில்லை

வேர்ட் கோப்பின் தோற்றம் ‘--ரெஃபரன்ஸ்-டொக்’ என்ற விருப்பத்தில் கொடுக்கிற மாதிரிக் கோப்பிலிருந்து வரும். மாதிரியை நீங்களாக உருவாக்க வேண்டாம், பான்டொக்கிடமே கேளுங்கள்:

பான்டொக் -ஓ மாதிரி.டொக்எக்ஸ் --பிரிண்ட்-டிஃபோல்ட்-டேட்டா-ஃபைல் ரெஃபரன்ஸ்.டொக்எக்ஸ்

அதை வேர்டில் திறந்து பாணிகளை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். உள்ளே இருக்கிற சொற்களைப் பான்டொக் பொருட்படுத்தாது. பாணி, தாள் அளவு, ஓர இடைவெளி, பக்கத்தின் தலையிலும் அடியிலும் வரும் வரிகள் இவைதான் எடுக்கப்படும். பந்திக்குப் ‘பொடி டெக்ஸ்ட்’, ‘ஃபர்ஸ்ட் பாராகிராஃப்’ என்ற பாணிகள்.

இனித் தமிழின் சிக்கல். வேர்ட் தமிழைச் ‘சிக்கலான எழுத்துமுறை’ என்று தனியாக வைத்து, அதற்கு வேறு எழுத்துருவும் வேறு அளவும் வைத்திருக்கிறது. பாணியைத் திருத்தும்போது லத்தீனுக்கான அளவை மட்டும் மாற்றினால் தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். எழுத்துருப் பெட்டியில் ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ்’ என்ற பகுதியில் மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஒஃபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டைத் திருப்பித் திறவுங்கள்.

‘அனுமதி மறுப்பு’ என்று வந்தால் பழைய கோப்பு வேர்டில் திறந்தே கிடக்கிறது. மூடுங்கள்.

அறிகுறி: ஒருவரின் அடிக்குறிப்பு இன்னொருவரின் கட்டுரையில்

பல கோப்புகளை ஒரே கட்டளையில் கொடுத்தால் பான்டொக் எல்லாவற்றையும் ஒட்டி ஒன்றாக்கியே வாசிக்கும். மூன்று பேர் எழுதிய மூன்று கட்டுரையிலும் முதல் குறிப்பு 1 என்றால் மோதும். ‘--ஃபைல்-ஸ்கோப்’ சேர்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வாசிக்கப்படும்.

அறிகுறி: இணையப் பக்கம் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்

கோப்பு சரி, உலாவிதான் தவறாக வாசிக்கிறது. ‘-எஸ்’ கொடுக்காவிட்டால் பான்டொக் பக்கத்தின் உடலை மட்டும் தரும், ‘இது யூடிஎஃப்-8’ என்று சொல்கிற தலைப்பகுதி இருக்காது. ‘-எஸ்’ சேருங்கள். படங்களும் அதே கோப்புக்குள் அடங்க ‘--எம்பெட்-ரிசோர்ஸஸ்’. உறவினருக்கு ஒரே கோப்பாக அனுப்பலாம்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் > குறியால் கோப்புக்குத் திருப்பியிருந்தால் அதுவும் காரணமாகலாம். அதன் பழைய 5.1 பதிப்பு எழுதுவது யூடிஎஃப்-16இல். எப்போதும் ‘-ஓ’வைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: அமைப்புக் கோப்பில் மாற்றினாலும் ஒன்றும் மாறவில்லை

கட்டளை நீண்டதும் எல்லாவற்றையும் ஒரு யாமல் கோப்பில் (பெயரும் மதிப்புமாக வரிவரியாக எழுதும் உரைக் கோப்பு) எழுதி, ‘-டி மலர்.யாமல்’ என்று கொடுப்பதுதான் நல்லது. இங்கே ‘டி’ என்பது டிஃபோல்ட்ஸின் முதலெழுத்து. வெளியீட்டு வடிவத்துக்கான ‘டி’ ஆங்கிலத்தில் வேறு எழுத்து. உள்ளே டாப் போடக்கூடாது, இடைவெளி மட்டும். தலைப்பில் முக்காற்புள்ளியும் அடுத்து இடைவெளியும் வந்தால் முழுத் தலைப்பையும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் முன்னுரிமை. தலைப்பு, மொழி போன்ற மேற்தரவைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால், ஆவணத்தின் தலையில் இருக்கிற யாமல் அதை வெல்லும். கட்டளையில் பெரிய ‘எம்’மோடு கொடுத்தது அதையும் வெல்லும். மொழியைப் பெரிய ‘எம்’மிலேயே ‘லாங்=டிஏ’ என்று கொடுங்கள். அதைக் கொடுத்தால்தான் எஞ்சின் தமிழ்ச் சொல்லை வரி முடிவில் பிரிக்கும். கொடுக்காவிட்டால் நீண்ட சொற்கள் தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடும். தாள் அளவுக்குப் ‘பேப்பர்சைஸ்=ஏ5’, பொருளடக்கத் தலைப்புக்கு ‘டிஓசி-டைட்டில்’.

அறிகுறி: அதே கட்டளை மற்றக் கணினியில் ஓடவில்லை

பதிப்பு பாருங்கள். பழைய வழிகாட்டிகளில் இருக்கிற ‘--லேடெக்-எஞ்சின்’, ‘--ரெஃபரன்ஸ்-டொக்எக்ஸ்’ இரண்டும் 2.0 பதிப்பில் ‘--பிடிஎஃப்-எஞ்சின்’, ‘--ரெஃபரன்ஸ்-டொக்’ என்று மாறின. ‘--எம்பெட்-ரிசோர்ஸஸ்’ 2.19இல் வந்தது, அதற்கு முன் ‘--செல்ஃப்-கன்டெய்ன்ட்’. உபுண்டுவின் களஞ்சியத்தில் கிடைப்பது பெரும்பாலும் பழையது, திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில் இருக்கிற டெப் கோப்பை இறக்கி நிறுவினால் புதியது கிடைக்கும். பதிப்பு ஒன்றாகவே இருந்தால் எழுத்துருவைப் பாருங்கள். அந்தக் கணினியில் அது நிறுவப்படாமல் இருக்கும்.